ஆழத்தில் நல்ல தண்ணீர்

நசோரு, மொசாம்பிக்
7.1.2024

அன்புள்ள மாமாவுக்கு எஸ்லின் எழுதுவது.

வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. போன புயலில் விழுந்த செல்போன் டவரை இன்னும் யாரும் தூக்கி நிறுத்தவில்லை. டவுனில் இருக்கும் கன்னியர் இல்லத்துக்கு லாரியில் ஒரு நாள் பயணம். மழை பெய்தால் அதுவும் இல்லை. வந்த அன்று அங்கிருந்து அம்மாவிடம் பேசியதோடு சரி. அம்மா அழுததில் பேச்சே நடக்கவில்லை. அதனால் கடிதம்தான் வசதி. அம்மாவுக்குக் கண் போய்விட்டதால் நீங்கள்தான் படித்துக்காட்ட வேண்டும்.

நான் நர்ஸாக இருந்த ஓசூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் காலியானால் வேறு பாட்டில் வரும். இங்கே ஓலைக்கூரை போட்ட ஓர் அறைதான் ஆஸ்பத்திரி. அதற்குப் பின்னால் என் கட்டில். சோற்றில் மணல், படுக்கையில் மணல், காதுக்குள் மணல். சாப்பாடு நம் களி மாதிரிதான், ஆனால் மக்காச்சோளத்தில், வெள்ளையாக. ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள். பெரிய கப்பல்கள் வாரிக்கொண்டது போக மிச்சம்தான் இவர்கள் வலையில் விழுகிறது. வயதான பெண்களை இங்கே ‘மாமா’ என்று கூப்பிட வேண்டும். கூப்பிடும்போதெல்லாம் உங்கள் மீசை ஞாபகம் வருகிறது.

தண்ணீர்தான் கஷ்டம். மணலில் தோண்டிய கிணறு, இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை. ஆனால் யாரும் வாளி இறக்குவதில்லை. பாதித் தேங்காய் ஓட்டைக் குச்சியில் கட்டி, மேலாகத் தொட்டுத் தொட்டு மொள்கிறார்கள். தண்ணீரைக் கலக்கினால் ஜூலியா என்ற அம்மாள் திட்டித் தீர்ப்பாள். அவள்தான் கிணற்றுக்குக் காவல். வெயில் ஏறியதும் ஓலையால் மூடிவிடுவாள், மறுநாள் காலையில்தான் திறப்பாள். என்ன நம்பிக்கையோ தெரியவில்லை. ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. தண்ணீர் போதாததால் கை கழுவுவதில்லை, குழந்தைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் என் வேலையில் பாதி குறையும்.

போர்வெல் விஷயம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு வழி சொல்லுங்கள்.

அம்மாவை மாத்திரை தவறாமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்
எஸ்லின்


ஜூஜுவாடி, ஓசூர்
11.2.2024

கடல் தாண்டிய எங்கள் குலக்கொழுந்து எஸ்லின் பாப்பாவுக்கு, உன்னைத் தோளில் வைத்து அத்திப்பள்ளி வரை நடந்து தேர் காட்டிய தாய்மாமன் சிங்கராயர் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம்.

உன் கடிதம் வந்த அன்றே உன் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துப் படித்துக்காட்டினேன். நீ எழுதியது கொஞ்சம் வறட்சியாக இருந்தது, கோபித்துக்கொள்ளாதே. அதனால் நடுநடுவே நானே தாளித்துக் கொட்டினேன். நம் தளிக்காட்டு யானைகளைவிட ஒரு பனை உயரம் கூடுதலான யானைகள் உன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றதாகச் சேர்த்தேன். உன் அம்மா விடுவாளா? “ஏண்ணா, வந்த யானைங்க சீட்டு வாங்கி வரிசையில நின்னுச்சா, நேரா உள்ள பூந்துடுச்சா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். நீ போனதற்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். ஆகவே யானையை நான் தப்பென்று நினைக்கவில்லை.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல இடத்தில்தான் கேட்டாய். போர் வண்டிக்கு ஏஜென்டாக இருந்து இந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தையே சல்லடையாக்கியவன் நான். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நான் நடந்தால், நீரோட்டம் இருக்கும் இடத்தில் அது போலீஸ்காரன் மாதிரி எழுந்து நிற்கும். வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் ஒருவர் நான் காட்டிய இடத்தில் தோண்டித் தண்ணீர் பீய்ச்சியடித்ததில் தொப்பியையே இழந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராக்காரர்கள் குடை பிடித்தார்கள் என்று சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை.

இவ்வளவு காலத்தில் நான் கற்றது ஒன்றே ஒன்று. மேல்தண்ணீரை நம்பாதே. நம் பக்கம் மேல்தண்ணீரில் கம்பெனிக் கழிவு, சாக்கடை, நுரை, எல்லாம் இருக்கிறது. ஜூஜுவாடியில் மேல்தண்ணீரில் துவைத்தால் வெள்ளை வேட்டி மஞ்சளாகும். அதனால்தான் மேலே கேசிங் பைப்பை இறக்கி அந்தத் தண்ணீரை அடைத்துவிட்டு, கீழே போய்க்கொண்டே இருப்போம். ஆழம் போகப்போகக் கண்ணாடி மாதிரி வரும். உலகம் பூராவும் பூமி ஒன்றுதான் பாப்பா. தேங்காய் ஓட்டில் மொள்கிறார்களாம், அடக் கடவுளே. சொட்டு மருந்தா அது? கைப்பம்பெல்லாம் வேண்டாம். ஆழமாகப் போட்டு ஒரு மோட்டாரை இறக்கு. ஊரே குளிக்கட்டும்.

பணத்துக்குக் கவலைப்படாதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் இரண்டு நிமிஷம் கேட்டு மைக்கைப் பிடித்தேன். நீ ஒரு பெரிய ஆஸ்பத்திரியை நடத்துவதாகவும், மேலிடத்திலிருந்து உன்னைப் பார்க்க ஹெலிகாப்டர் வந்ததாகவும், தண்ணீர் ஒன்றுதான் குறை என்றும் சொன்னேன். பெண்கள் அழுதார்கள். கோயிலில் வசூல் தொடங்கிவிட்டது. சீக்கிரம் கன்னியர் இல்லத்துக்கு வந்துசேரும்.

தைரியமாக இரு. உன் பின்னால் மாமா இருக்கிறேன்.

இப்படிக்கு
உன் தாய்மாமன் சிங்கராயர்


நசோரு
17.3.2024

அன்புள்ள மாமா,

நம் கோயில் பங்கிலிருந்து பணம் வந்துவிட்டதாகக் கன்னியர் இல்லத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். ஹெலிகாப்டரை மன்னித்துவிட்டேன்.

ஊரில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும். போன வாரம் தெரேசா என்ற பெண்ணுக்கு நான் பிரசவம் பார்த்தேன். ஆண் குழந்தை. தண்ணீர் அனுப்பும் மாமாவின் பெயரைத்தான் வைப்பேன் என்றாள். ‘சிங்கராயர்’ அவர்கள் வாயில் நுழையவில்லை, ‘சிங்கா’ என்று நின்றுவிட்டது. உங்களைப் போலவே சத்தம்.

ஜூலியாதான் பிடிகொடுக்கவில்லை. துளை போடக் கூடாது, கீழே இருப்பது கடலின் தண்ணீர், அதைத் தொந்தரவு செய்யாதே என்கிறாள். அவள் கணவர் கடலில் போனவர், அந்தப் பயமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நம் ஓசூருக்குக் கிட்டத்தில் கடல் கிடையாதே மாமா. நான் ஏற்பாடு செய்த போர் வண்டிக்காரர்கள் உள்நாட்டிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு அடிக்கணக்கில் கூலி, எவ்வளவு ஆழம் சொன்னாலும் போடுவார்கள். மே மாதம் முதல் வாரம் வண்டி வருகிறது.

கடலோரத்தில் ஆழமாகப் போடலாமா என்று தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். கதை வேண்டாம் மாமா, இது ஒன்றில் மட்டும். கடிதம் வந்துசேர நேரம் போதாது. கன்னியர் இல்லத்துக்குப் போன் பண்ணுங்கள், நம்பர் கீழே இருக்கிறது. மலையாளத்து சிஸ்டர் ஒருவர் எடுப்பார், நம் தமிழ் அவருக்குப் புரியும். நீங்கள் சொல்வதை வண்டியோடு எனக்குச் சொல்லி அனுப்புவார். நீங்கள் ‘நிறுத்து’ என்றால் நிறுத்திவிடுகிறேன்.

எஸ்லின்


ஜூஜுவாடி, ஓசூர்
28.4.2024

ஆப்பிரிக்காவுக்கே தண்ணீர் காட்டப்போகும் எஸ்லின் பாப்பாவுக்கு,

என் பெயரில் ஒரு பிள்ளை! படித்த அன்று நடக்கவில்லை பாப்பா, பறந்தேன். குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய், மாடு விற்க வந்தவர், வாங்க வந்தவர், எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். யாருடைய பிள்ளை என்று கேட்டவர்களிடம் விவரம் சொல்ல நேரம் பிடித்ததால், பேரன் என்றே சொல்லிவிட்டேன். உன் அம்மா தினமும் அவனைக் கேட்கிறாள். முடி சுருட்டையா, நேரா? எழுது.

பங்கில் பலகை தயாராகிவிட்டது. நீலத் தகரத்தில் மஞ்சள் எழுத்து. உன் பெயர், பங்கின் பெயர், கீழே கொஞ்சம் பெரியதாக ‘ஆலோசனை: திரு. சிங்கராயர்’. சாமியார் புருவத்தைத் தூக்கினார். வர்ணம் காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பார்சலில் வருகிறது, பம்ப் மேல் மாட்டு. அசோக்குமார் என்று ஒரு கம்பெனி சூப்பர்வைசர், நம் கோயில்காரர்தான், பலகை முன்னால் நின்று என்னோடு படமெல்லாம் எடுத்துக்கொண்டார்.

நீ கேட்டதை ரத்தினவேலிடம் கேட்டேன். போர் வண்டி ஓனர், திருச்செங்கோட்டுக்காரர், உனக்குத்தான் தெரியுமே. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “ஏனுங்க, கடலோரத்துலயா ஆழம் போகச் சொன்னீங்க? அங்க நல்ல தண்ணி மேலாப்புலதானுங்க நிக்கும். மோட்டார் வெச்சு இழுத்தா கீழ இருக்கற உப்பு மேல ஏறிரும். பக்கத்துக் கெணறும் சேந்து போயிருமுங்க” என்றார். கடலூர்ப் பக்கம் வண்டி ஓட்டியவராம். ஓட்டட்டும். அவருக்கு என் கைராசி மேல் எப்போதும் ஒரு புகைச்சல். இருந்தாலும் அனுபவஸ்தர் பேச்சு என்பதால் எழுதிவைக்கிறேன். உனக்குத் தோன்றினால் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்வதைப் பற்றி யோசித்துப் பார். இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை.

நீ சொன்னபடி போனும் பண்ணினேன். சிஸ்டர் எடுத்தார். நல்ல குரல். சிங்கராயர் பேசுகிறேன் என்றதும், தண்ணீர் கொடுக்கிற மாமாவா என்று கேட்டார், பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொன்னார். அத்தனை பேர் சந்தோஷத்துக்கு நடுவே இந்த ரத்தினவேல் பேச்சை எங்கே கொண்டுபோய் நுழைப்பது? எல்லாம் நல்லபடி நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். கடிதம் என்றால் விவரமாக இருக்கும் அல்லவா?

தண்ணீர் வந்ததும் முதல் சொம்பை ஜூலியா அம்மாள் கையில் கொடு. வாயடைத்துப்போவாள்.

இப்படிக்கு
கண்டம் தாண்டிப் பெயர் பெற்ற
சிங்கராயர்


நசோரு
28.7.2024

மாமா,

வண்டி மே மூன்றாம் தேதி வந்தது. ஓட்டுநர் சிஸ்டர் சொன்னதாகச் சொன்னார்: “உன் மாமா போன் பண்ணினார், எல்லாம் நல்லபடி நடக்கட்டும் என்றார்.” நான் அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். ஜூலியா மணலில் படுத்து மறித்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்துத் தூக்கி ஓரமாக உட்காரவைத்தேன்.

முதலில் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. மோட்டார் போட்டதும் குழந்தைகள் குழாய்க்கு அடியில் நின்று ஆடினார்கள். தேங்காய் ஓடுகளை அடுப்பில் போட்டுவிட்டார்கள். ஜூலியாகூட ஒரு நாள் குடத்தோடு வந்தாள்.

உங்கள் கடிதம் ஜூன் மாதம் வந்தது. பலகையோடு வந்தது. ரத்தினவேல் சொன்னதைப் படித்தவுடன் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். அதற்குள் தண்ணீர் கரித்தது. பழைய கிணற்றைத் திறந்து பார்த்தோம். அதுவும் கரித்தது.

டவுனிலிருந்து வந்து பார்த்தவர் விளக்கினார். இங்கே மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் பாலாடை மாதிரி மெல்லியதாக மிதக்கிறதாம். அதனால்தான் ஓட்டால் மேலாக எடுத்தார்கள், அதனால்தான் வெயிலில் மூடி ஓய்வு கொடுத்தார்கள். நாம் ஆடையைக் கிழித்துவிட்டோம். திரும்பப் படிய எத்தனை மழைக்காலம் ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. நம் ஆயுளுக்குள் படியும் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது பெண்கள் உள்பக்கத்துச் சேற்றுக் குட்டையில் மொள்கிறார்கள். காய்ச்ச விறகு இல்லை. என் அறை வாசலில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். சிங்காவுக்கும் ஆரம்பித்துவிட்டது.

பங்கில் நடந்ததைச் சொல்லுங்கள். மறைக்காமல் சொன்னால் கொஞ்ச நாளைக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவரவாவது கேட்க முடியும். இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் மாமா.

எஸ்லின்


ஜூஜுவாடி, ஓசூர்
1.9.2024

எஸ்லின் பாப்பாவுக்கு மாமா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. மனசைத் தளரவிடாதே. பூமி இன்றைக்கு உப்பைக் கொடுத்தால் நாளைக்குச் சர்க்கரையைக் கொடுக்கும். இன்னும் கீழே போயிருந்தால் ஒருவேளை நல்லது கிடைத்திருக்கும், போகட்டும், அதை இப்போது பேசவில்லை.

பங்கில் சொல்லத்தான் எழுந்தேன். போன ஞாயிறு பூசை முடிந்து மைக்கைப் பிடித்தேன். எல்லா முகமும் என்னையே பார்த்தது. முன்வரிசையில் சாந்தம்மா, கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள், தன் கம்மலை வசூலுக்குக் கொடுத்தவள். “தண்ணி எப்படி இருக்குதுங்க அண்ணா?” என்று அங்கிருந்தே கேட்டாள். இனிக்குது சாந்தம்மா என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கை தட்டினார்கள்.

இப்போது எல்லாரும் படம் கேட்கிறார்கள். ஒரு படம் மட்டும் அனுப்பு பாப்பா. பலகையை மாட்டி, மோட்டாரை ஒரு நிமிஷம் போட்டு, சிங்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாய் பக்கத்தில் நில். தண்ணீர் விழுவது தெரிந்தால் போதும். படத்தில் உப்பு தெரியாது. படம் வந்து, பேச்சு அடங்கியதும், லாரித் தண்ணீருக்கு வேறு ஏதாவது சொல்லி வசூல் பண்ணித்தருவது என் பொறுப்பு.

உன் அம்மாவுக்கு உப்பைப் படிக்கவில்லை. ஏற்கெனவே ராத்தூக்கம் இல்லாதவள்.

மாமா சிங்கராயர்


நசோரு
6.10.2024

மாமாவுக்கு,

சிங்கா போன மாதம் பதினான்காம் தேதி இறந்துவிட்டான். அவனை நான் தூக்கத் தெரேசா விடவில்லை. பலகையைக் கழற்றிப் பெட்டிக்கு மேல் மூடியாக அடித்தார்கள். ஊரில் வேறு தகரம் இல்லை. உங்கள் பெயர் உள்பக்கம் இருக்கும்படி அடித்தார்கள். அப்படி அடிக்கச் சொன்னது நான்.

குடும்பங்கள் உள்நாட்டுக்குப் போகின்றன. ஜூலியா நேற்றுப் போனாள். கிணற்றை வழக்கம்போல ஓலையால் மூடிவிட்டுப் போனாள். கன்னியர் இல்லத்தில் என்னை ஊருக்குத் திரும்பச் சொல்கிறார்கள். நான் வரவில்லை. இவர்கள் பின்னால் போகிறேன். என்னோடு யாரும் பேசுவதில்லை, ஆனால் காயத்துக்குக் கட்டுப் போட விடுகிறார்கள். போகும் இடத்துக்குத் தபால் கிடையாது.

நான் உங்களை நம்பிக் கேட்டேன். நீங்கள் போனும் பண்ணினீர்கள், நம்பரும் சரியாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை மாமா.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு அப்படியே படித்துக்காட்டுங்கள். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல். உங்களிடம் நான் கடைசியாகக் கேட்பது இதுதான்.

எஸ்லின்


ஜூஜுவாடி, ஓசூர்
15.12.2024

எஸ்லின் பாப்பாவுக்கு,

கன்னியர் இல்லத்து விலாசத்துக்கே அனுப்புகிறேன். அங்கிருந்து யாராவது அந்தப் பக்கம் போனால் உன்னிடம் சேரட்டும். போன மாதம் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இருக்காது என்று எழுதியிருந்தாய்தான்.

நீ சொன்னபடி படித்தேன் பாப்பா. சத்தியமாக, தேதியிலிருந்து உன் பெயர் வரை. ஒரு யானைகூடச் சேர்க்கவில்லை. பெட்டி, தகரம், போன் நம்பர், எல்லாம் படித்தேன். முடித்ததும் உன் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்ணா, உனக்கு வேற விளையாட்டு கெடைக்கலயா? பச்சக்கொழந்தய வெச்சா கதை கட்டுவே?”

கதை இல்லை என்றேன். உன் எழுத்துதான் என்றேன். காகிதத்தை அவள் கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

“எம்பொண்ணு இப்படி எழுதமாட்டா. யானைய சொல்லு, ஹெலிகாப்டர சொல்லு, கேட்டுக்கறேன். இதெல்லாம் சொல்லாத. அவ எழுதுனத படி.”

மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். காதைப் பொத்திக்கொண்டாள். நான் சொன்னால் நம்புவதற்கு இந்த ஓசூரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சாந்தம்மா நம்பினாள், சந்தையே நம்பியது. அன்றைக்கு என் கூடப்பிறந்தவள் நம்பவில்லை. பக்கத்து வீட்டு மோகனப்ரியாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம் என்று வாசல் வரை போனேன். திரும்பிப் பார்த்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள், நல்ல செய்தி வரும் என்று.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். உன் காகிதத்தையே கையில் வைத்துக்கொண்டு வேறு படித்தேன். நீ நன்றாக இருப்பதாகவும், வேலை அதிகம் என்பதால் கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை என்றும், சிங்கா தவழ ஆரம்பித்துவிட்டான் என்றும் படித்தேன். கீழே இரண்டு பல் வந்துவிட்டதாகவும் சேர்த்தேன். “இது அவ எழுதுனது” என்றாள்.

இப்போது தினமும் கேட்கிறாள். நேற்று பழைய கம்பளி நூலைத் தடவித் தடவி எடுத்து அவனுக்குக் குல்லா பின்ன ஆரம்பித்திருக்கிறாள். அங்கே வெயில் என்றேன். காது குளிருமாம்.

அடுத்த மாதம் எழுந்து நிற்க வேண்டும் அவன். அதற்கு அடுத்த மாதம் நடக்க வேண்டும். பேச்சு எப்போது வரும் என்று இப்போதே கேட்கிறாள். அந்த ஊர்ப் பாஷையில் பிள்ளைகள் முதலில் என்ன வார்த்தை சொல்லும் பாப்பா? எனக்குத் தெரியாது. அது ஒன்றையாவது யார் மூலமாவது சொல்லி அனுப்பு. தப்பாகச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

சிங்கராயர்